வழிபாட்டில் உடல்: எங்கே தொடுகிறோம், எப்படி, ஏன்?

அன்பிய_வழிகாட்டி எழுதியது:
இயேசுவுக்கே புகழ். அன்பியங்களின், அதாவது கத்தோலிக்கப் பங்குக் கோவிலின் பகுதிவாரிச் சிறு குழுக்களின், பொறுப்பாளர்களுக்கு ஒரு நாள் பயிற்சி. தலைப்பு 1 கொரிந்தியர் 12, உடல் ஒன்று, உறுப்புகள் பல. பிள்ளைகள் கையில் கண், காது, கால் என்று அட்டை கொடுத்துச் சண்டை போட வைக்கும் நாடகம் வேண்டாம், எல்லோருக்கும் சலித்துவிட்டது. வழிபாட்டில் நிஜமாகவே ஒருவர் உடலை இன்னொருவர் தொடும் இடங்கள் எவை, எப்படிச் செய்யணும், எங்கே சொதப்புது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), பெந்தெகொஸ்தே நண்பர்களும் வரலாம். வருகிறவர்களில் வெவ்வேறு சபைகள் கலந்த குடும்பத்தார் நிறைய.

உபதேசியார் எழுதியது:
12-ஆம் அதிகாரத்தை மட்டும் தனியாகப் பிய்த்து எடுக்காதீர்கள். முதலில் 11:17 முதல் 34 வரை வாசிக்க விடுங்கள். கொரிந்தில் ஆண்டவரின் விருந்துக்குக் கூடும்போது ஒருவர் பசியோடு இருக்கிறார், இன்னொருவர் குடித்து மயங்குகிறார். வசதியுள்ளவர்கள் சாப்பாட்டைத் தாங்களே முந்திக்கொண்டு முடித்துவிடுகிறார்கள், கையில் ஒன்றும் இல்லாதவர் வெறும் வயிற்றோடு நிற்கிறார். இந்தப் பந்தி விவகாரத்தைக் கண்டித்த கையோடுதான் பவுல் 'நீங்கள் கிறிஸ்துவின் உடல்' என்கிறார். பசியைப் பேசிவிட்டு உடலைப் பேசுகிறார். அந்த வரிசை போனால் பாடம் வெறும் ஒற்றுமை உபதேசமாகிவிடும்.

இன்னொன்று. ஊரை உடலோடு ஒப்பிடுவது பவுலுக்கு முன்பே ரோமர்களிடம் இருந்தது. கி.மு. 494-இல் ரோமின் சாமானியர் நகரத்தை விட்டு வெளியேறியபோது, மெனேனியுஸ் அக்ரிப்பா வயிற்றுக்கு எதிராகக் கைகால்கள் வேலைநிறுத்தம் செய்த கதையைச் சொல்லி அவர்களைத் திரும்ப அழைத்தான் என்று ரோம வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். அந்தக் கதையில் வயிறு என்றால் மேட்டுக்குடி. 'நீ உழை, நான் செரித்துத் தருகிறேன்' என்பதுதான் அதன் சாரம். பவுல் அதே உவமையை எடுத்து 12:22-இல் தலைகீழாக்குகிறார்: வலுவற்றதாகத் தோன்றும் உறுப்புதான் மிகத் தேவை, மதிப்புக் குறைந்ததற்குத்தான் கூடுதல் மதிப்பு. நிறையப் பங்குக் கோவில்களில் இந்தப் பகுதியை அக்ரிப்பா பாணியிலேயே பிரசங்கிக்கிறார்கள், 'அவரவர் இடத்தில் இருங்கள்' என்று. அது பவுல் சொன்னதற்கு நேர் எதிர்.

படம் காட்ட வசதி இருந்தால் கொரிந்து அருங்காட்சியகத்தின் சுடுமண் உறுப்புகளைக் காட்டுங்கள். அங்கே அஸ்கிலேப்பியுஸ் என்ற நலம் தரும் தெய்வத்தின் கோவிலைத் தோண்டியபோது கை, பாதம், காது, மார்பகம் என்று தனித்தனி உறுப்பாகச் செய்த நேர்ச்சைப் பொருள்கள் குவியலாகக் கிடைத்தன. பெரும்பாலும் பவுலுக்குச் சில நூற்றாண்டு முந்தியவை, ஆகவே 'அதைப் பார்த்துத்தான் எழுதினார்' என்று அடித்துச் சொல்லிவிடாதீர்கள். ஆனால் வேளாங்கண்ணியில் வெள்ளிக் கண்ணும் காலும் காணிக்கை வைப்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே தேவைப்படாது.

கோயில்பிள்ளை_தெற்கு எழுதியது:
ஸ்தோத்திரம். சி.எஸ்.ஐ. பக்கத்திலிருந்து ஒன்று: சமாதானம் கொடுத்தல். 1947-இல் சபைகள் இணைந்த பிறகு 1950-இல் வந்த திருவிருந்து ஆராதனை முறையில் இது உண்டு. கேரளத்துச் சுரியானிச் சபைகள் விடாமல் வைத்திருந்த பழக்கத்தைப் பார்த்து எடுத்தது. மேல்நாட்டுச் சபைகள் பல தங்கள் ஆராதனையைத் திருத்தியபோது நம்முடையதைப் பார்த்துக் கற்றுக்கொண்டன என்பது நம் ஆட்களுக்கே தெரியாது.

முறை இதுதான். கொடுப்பவர் தன் வலது உள்ளங்கையை வாங்குபவரின் வலது உள்ளங்கையோடு சேர்க்க வேண்டும், பிறகு இருவரும் இடது கையால் மற்றவரின் வலது கையை மூட வேண்டும். ஆக நான்கு கையும் ஒரே கட்டு. குலுக்கக் கூடாது. ஆயர் (எங்கள் வழக்கில் சபைக்குரு) தன்னோடு ஊழியம் செய்கிறவர்களுக்குக் கொடுப்பார், அவர்கள் இறங்கி வந்து சபைக்குக் கொடுப்பார்கள், வரிசை வரிசையாகப் பின்னால் போகும். காணிக்கைக்கு முன் இது நடப்பதற்கும் காரணம் உண்டு, மத்தேயு 5:23-24. சகோதரனோடு ஒப்புரவாகிவிட்டு வந்து காணிக்கையைச் செலுத்து.

சொதப்பும் இடங்கள்: எழுந்து நடந்து பத்துப் பேருக்குக் கைகுலுக்கி நலம் விசாரிப்பது, அது ஆலய வாசலில் செய்யவேண்டிய வேலை. அடுத்தது, ஆண்கள் ஒரு பக்கம் பெண்கள் ஒரு பக்கம் உட்காரும் சபையில் மேலிருந்து ஒருவர் மட்டும் இறங்கினால் மறுபக்கத்துக்குப் போகவே போகாது, இருவர் இறங்கணும். தூணுக்குப் பின்னால், கடைசி பெஞ்சில், சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு வந்து சேராமல் நடுவிலேயே அறுந்துவிடுவதும் வாடிக்கை. சங்கிலி எங்கே அறுகிறது என்று ஒரு ஞாயிறு மேலே பால்கனியில் நின்று பாருங்கள், சபையின் நிலவரம் அங்கேயே தெரிந்துவிடும். அறுவது எப்போதும் ஒரே வரிசையில் என்றால் அது மறதியில்லை.

அன்பிய_வழிகாட்டி எழுதியது:
நாங்கள் திருப்பலியில் கும்பிடு போடுவதோடு சரி. கையைத் தொடுவது கத்தோலிக்க முறைக்கு ஒத்துவருமா?

திருச்சட்டம் எழுதியது:
வரும். 1969 ஏப்ரல் 25-இல் இந்தியாவுக்கென ரோம் ஒப்புதல் தந்த 12 தகவமைப்புகளில் சமாதான அடையாளம் பற்றி இரண்டும் சொல்லியிருக்கிறது: கைகூப்பி வணங்கலாம், அல்லது கொடுப்பவரின் கைகளைப் பெறுபவர் தம் இரு கைகளுக்குள் வாங்கிக்கொள்ளலாம். நாம் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதை மறந்துவிட்டோம். அதே பட்டியலில் தரையில் உட்காருதல், செருப்பைக் கழற்றுதல், ஐந்து அங்கமும் தரையில் படும் பஞ்சாங்கப் பிரணாமம், புனிதப் பொருள்களை முத்தமிடுவதற்குப் பதில் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளுதல் எல்லாம் உண்டு. கடைசியாகச் சொன்னதை நம் பாட்டிமார் யார் அனுமதியும் கேட்காமல் செய்துகொண்டுதான் இருந்தார்கள்.

கையில் நற்கருணை வாங்கும்போது இடது கை மேலே, வலது கை கீழே அரியணையாக. வாங்கிய பின் அந்த வலது கையால் எடுத்து உண்பது. இது புதிது என்று சண்டைக்கு வருகிறவர்கள் நான்காம் நூற்றாண்டு எருசலேம் ஆயர் சிரிலின் மறைபோதகத்தைப் பார்க்கலாம்.

சக்ரீஸ்து எழுதியது:
@திருச்சட்டம், சிரில் சொன்னது மாறிப்போச்சு. அவர் வலது கையில் வாங்கச் சொல்கிறார், இடது கை அதைக் கீழே தாங்கும் அரியணை, உள்ளங்கையைக் குழித்து வைக்கணும். இன்று நாம் இடது கையில் வாங்கி வலது கையால் எடுத்து உண்கிறோம். வகுப்பில் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நான் எண்ணெய் பற்றி எழுதுகிறேன், உடலைப் பற்றிப் பேச அதைவிட நல்ல பொருள் கிடையாது. ஆயர் (பிஷப்) புனித வாரத்தில் எண்ணெய் மந்திரிக்கும் திருப்பலியில் மூன்று எண்ணெய் தருகிறார். ஆயத்த எண்ணெய், ஞானஸ்நானத்துக்கு முன் மார்பில். கிறிஸ்மா, ஞானஸ்நானத்துக்குப் பின் குழந்தையின் உச்சியில், உறுதிபூசுதலில் நெற்றியில், குருப்பட்டத்தில் உள்ளங்கைகளில், ஆயராகும்போது தலையில். நோயாளர் எண்ணெய், நெற்றியிலும் கைகளிலும். கிறிஸ்மாவில் மட்டும்தான் நறுமணத் தைலம் கலக்கும். முகர்ந்து பார்த்தே அடையாளம் கண்டுபிடிக்கலாம்.

வகுப்பில் அவசியம் சொல்லவேண்டியது இது: புதிய கோவிலை நேர்ந்தளிக்கும்போது பீடத்தின் நடுவிலும் நான்கு மூலையிலும் இதே கிறிஸ்மாவை ஊற்றிப் பூசுவார் ஆயர், சுவரில் 12 அல்லது 4 சிலுவைகளிலும் பூசுவார். குழந்தையின் உச்சந்தலைக்கும் கருங்கல் பீடத்துக்கும் ஒரே குப்பி. கட்டடத்துக்கு நாம் கொடுக்கும் மரியாதையில் பாதியாவது கடைசி வரிசைக் கைக்குழந்தைக்குக் கொடுக்கிறோமா என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுங்கள், மீதியை அவர்களே பேசுவார்கள்.

பராமரிப்பில் வரும் கோளாறுகள். பித்தளைச் சிமிழில் நேரடியாக எண்ணெய் ஊற்றி வைத்தால் சில மாதத்தில் பச்சைக் களிம்பு பிடிக்கும். எண்ணெய் பழசாகப் பழசாக அமிலம் கூடும், அது செம்பைத் தின்னும். உள்ளே சின்னக் கண்ணாடிக் குப்பியோ எவர்சில்வர் சிமிழோ வையுங்கள். சிந்தாமலிருக்கப் பஞ்சு வைப்பது சரி, ஆனால் அதிலேயே வருடக் கணக்கில் விரலை அழுத்தினால் கறுத்து நாற்றமடிக்கும். பஞ்சை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், பழசை எரித்துச் சாம்பலைப் புதையுங்கள். நம்ம ஊர் வெயிலில் ஜன்னலோரம் வைத்த ஆலிவ் எண்ணெய் சீக்கிரம் காறிவிடும், இருட்டு அலமாரிதான் அதற்கு இடம். மூடியின் மேல் எஸ்.சி., ஓ.ஐ., ஓ.சி. என்று பொறித்திருக்கும், எஸ்.சி. கிறிஸ்மா, ஓ.ஐ. நோயாளர் எண்ணெய். மூடிகளை மாற்றிப் போட்டுவிடும் ஆபத்து உண்டு, அதனால் குப்பியின் உடம்பிலும் எழுதி ஒட்டுங்கள். புது எண்ணெய் வந்ததும் பழையதைப் புதியதோடு கலக்க வேண்டாம், திருவிளக்கில் ஊற்றி எரித்துவிடலாம். பூசி முடித்த சாமியார் கை கழுவ எலுமிச்சைத் துண்டும் சோப்பும் வையுங்கள், வெறும் தண்ணீரில் போகாது. அடுத்து அப்பத்தைத் தொடும் கை அது.

வார்டு_செவிலி எழுதியது:
நோயிற்பூசுதல் பற்றிச் சேர்க்கிறேன். பழைய முறையில் கண், காது, மூக்கு, வாய், கை, பாதம் என்று ஐம்புலன்களுக்கும் பூசினார்கள். நோயாளி குருவாக இருந்தால் உள்ளங்கையை விட்டுப் புறங்கையில், ஏனென்றால் உள்ளங்கை குருப்பட்டத்திலேயே பூசப்பட்டது. 1972 நவம்பர் 30-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் நெற்றி, கைகள் என்று சுருக்கினார். ஆலிவ் கிடைக்காத இடத்தில் வேறு தாவர எண்ணெயும் போதும் என்றார்.

ஐ.சி.யு.வில் நடைமுறை: கையில் ஊசிக் குழாய் செருகியிருந்தால் பிளாஸ்டர் ஒட்டிய இடத்தில் எண்ணெய் படக் கூடாது, பசை விட்டுக் குழாய் நழுவும். உள்ளங்கையில் ஒரு துளி போதும். நெற்றியில் கட்டு இருந்தால் உடலில் வேறு பொருத்தமான இடத்தில் பூசலாம், அவசரத்தில் ஒரே ஒரு பூசுதலே செல்லும். ஆக்சிஜன் ஓடும் படுக்கையருகே மெழுகுதிரி கொளுத்தவே கூடாது. குடும்பத்தார் பாசத்தில் தீப்பெட்டியோடு வருவார்கள், வாசலிலேயே தடுங்கள். முகமூடி ஓரத்தில் எண்ணெய் வழியவிடுவதும் ஆபத்து, ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் தீப்பிடிக்க வழி. தொற்று வார்டில் பஞ்சு நுனிக் குச்சி பயன்படுத்தலாம், திருச்சபைச் சட்டம் 1000 பெரிய காரணம் இருந்தால் கருவிக்கு இடம் தருகிறது. ஆனால் பெரிய காரணம் இல்லாதபோது குச்சியை எடுக்காதீர்கள். பல நாளாகக் கையுறை போட்ட விரல்கள் மட்டுமே தொட்ட நெற்றி அது. வெறும் விரல் படுவதற்கு அங்கே ஒரு கனம் உண்டு.

குறைமாதக் குழந்தைக்கு ஆபத்து என்றால் நோயிற்பூசுதல் கேட்காதீர்கள், அது விவரம் தெரியும் வயதுக்குப் பிறகு. குழந்தைக்கு வேண்டியது ஞானஸ்நானம், அவசரத்தில் அதைச் செவிலியரே கொடுக்கலாம். தலையில் தண்ணீர் ஓடணும், ஈரப் பஞ்சால் ஒற்றினால் போதாது. இன்குபேட்டரில் சிரிஞ்சில் 2 மி.லி. கிருமி நீக்கிய நீரை உடல் சூட்டுக்குக் கொண்டுவந்து விடலாம்.

கேள்விக்குறி எழுதியது:
பிப்ரவரி 11 நோயாளர் தினத் திருப்பலியில் எல்லோரும் வரிசையில் நின்று எண்ணெய் பூசிக்கொள்கிறார்கள், தலைவலி, பரீட்சைப் பயம் உட்பட. சரியா?

திருச்சட்டம் எழுதியது:
சரியில்லை. கடும் நோய், முதுமைத் தளர்ச்சி, ஆபத்தான நோய்க்கான அறுவை சிகிச்சைக்கு முன், இவைதான். நோய் மறுபடி கடுமையானால் மறுபடியும் பெறலாம். இறந்தவருக்குப் பூசுவதில்லை, இறந்தாரா என்ற சந்தேகம் இருந்தால் பூசலாம். குரு மட்டுமே செய்யலாம், திருத்தொண்டரோ சகோதரியோ முடியாது. ஆனால் கூட்டமாகக் கொண்டாடுவதைச் சட்டம் 1002 வெளிப்படையாகவே அனுமதிக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். 2002-இல் பத்தாவது உலக நோயாளர் தினத்தின் மையக் கொண்டாட்டம் நம் வேளாங்கண்ணியில்தான் நடந்தது.

பெரிய தவறு வேறொன்று: உயிர் பிரியும்வரை காத்திருப்பது. 'சாமியாரைக் கூப்பிட்டால் அம்மா பயந்துடுவாங்க' என்பார்கள். அவஸ்தைப்பூசுதல் என்று அழைத்த காலத்துப் பயம் இன்னும் போகவில்லை. நினைவோடு இருக்கும்போது, பதில் சொல்ல முடியும்போது, அன்பியத்தார் ஐந்தாறு பேர் சுற்றி நிற்கும்போது செய்யவேண்டியது. யாக்கோபு 5:14 நோயாளியே மூப்பரை வரவழைக்கச் சொல்கிறது.

முழுக்கு எழுதியது:
பிரைஸ் த லார்ட். யாக்கோபு 5-ஐ பெந்தெகொஸ்தே சபையார் நாங்களும் செய்கிறோம், எங்கள் பக்கத்துக் கோளாறு என்னவென்றால் எண்ணெய் பாட்டிலை விற்பது. மூப்பர் வீடு தேடி வந்து கை வைப்பதுதான் வசனம், பார்சலில் வருவது இல்லை.

ஞானஸ்நானத் தொட்டிக்கு: பெரியவருக்கு நீர் இடுப்புக்கு மேல், மார்புக்குக் கீழ், சுமார் மூன்றரை அடி. எடுப்பவர் தன் மூக்கைப் பிடித்துக்கொள்வார், கொடுப்பவர் ஒரு கை அவர் மணிக்கட்டில், ஒரு கை தோள்பட்டைக்குக் கீழே. முழங்காலை மடக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் சாய்த்தால் பாரம் தெரியாது, விறைத்து நின்றால் இருவரும் வழுக்குவார்கள். வெள்ளை உடை நனைந்தால் ஒட்டித் தெரியும், கனத்த துணியில் அடர்நிற உள்ளங்கி கட்டாயம். வயர் மைக்கைத் தண்ணீரில் நின்றுகொண்டு கையில் பிடிக்கவே கூடாது, மின்சாரம் பாய்ந்து உயிர் போகும். வெளியே நிற்கும் ஒருவர் மைக் பிடிக்கட்டும். துவாலையோடு படியில் நிற்பது அவர்களை வழிநடத்திய சபையாராக இருந்தால் நல்லது.

பீடப்பணி எழுதியது:
பெரிய வியாழன் பாதம் கழுவுதல். 1955-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் இதைத் திருப்பலிக்குள் கொண்டுவர இடம் கொடுத்தார், வத்திக்கானின் 2016 ஜனவரி 6 ஆணையின்படி இறைமக்கள் யாரையும் தேர்ந்தெடுக்கலாம், பெண்கள் உட்பட. இன்றைய திருப்பலி நூலில் '12' என்ற எண்ணே கிடையாது. இன்னும் பன்னிரண்டு ஆண்களுக்குச் சிவப்புத் துண்டு போட்டு அப்போஸ்தலர் வேஷம் கட்டும் பங்குகள், தயவுசெய்து அந்த ஆணையை வாசியுங்கள்.

ஏற்பாடு: முதுகு சாயும் பெஞ்ச், உயரம் 18 அங்குலம். குறைவாக இருந்தால் முதியவர்களால் எழ முடியாது, ஒரு படி மேலே போட்டால் சாமியாருக்கு முழங்காலுக்கு நல்லது. ஒரு பாதத்துக்கு 150 மி.லி. தண்ணீர் போதும், 12 பேருக்கு இரண்டு லிட்டர்க் கூஜா. அகலத் தாம்பாளம் வேண்டும், குறுகலான கிண்ணத்தில் தெறித்து டைல்ஸில் வழுக்கும், கீழே தேங்காய் நார் மிதியடி விரியுங்கள். ஆளுக்கு ஒரு துவாலை, ஒன்றையே எல்லோருக்கும் துடைப்பது அருவருப்பு. ஒருவருக்கு 40 வினாடி என்றால் எட்டு நிமிடம், பாடலை அதற்கேற்ப வையுங்கள். முடிந்ததும் சாமியார் கை கழுவித் துடைத்துவிட்டுத் திருப்பலி உடையை மறுபடி அணிவார்.

ராக்கோடி எழுதியது:
12 என்பது மக்கள் மனதில் பதிந்த எண், அதை ஏன் கலைக்கணும்? நாடகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், நாடகத்துக்கும் சக்தி உண்டு.

பீடப்பணி எழுதியது:
எண் இருக்கட்டும், பன்னிரண்டு பேரும் பங்குப் பேரவை உறுப்பினராக இருப்பதுதான் பிரச்சினை. 12:22-ஐ உபதேசியார் மேலே சொன்னார். கல்லறை வெட்டுகிறவர், கோவில் கூட்டுகிறவர், வீட்டு வேலைக்குப் போகும் அக்கா, இவர்கள் பாதம் அங்கே வரணும். முதல்நாளே பெயர் சொல்லி அழைத்தால் பெடிக்யூர் செய்து சென்ட் அடித்து வருவார்கள், அதைத் தடுக்க ஒன்றும் செய்ய முடியாது.

வார்டு_செவிலி எழுதியது:
ஒன்று மறந்துவிட்டார்கள். சர்க்கரை நோயாளியின் பாதத்துக்குச் சூடு உறைக்காது. வெதுவெதுப்பா, கொதிப்பா என்று அவர்களிடம் கேட்டுப் பயனில்லை, பீடச்சிறுவர் தன் முழங்கையை விட்டுப் பார்க்கட்டும். விரலிடுக்கு ஈரம் போகத் துடைக்கணும், ஒற்றணும், தேய்க்கக் கூடாது. புண்ணோ கட்டோ இருந்தால் மற்றப் பாதம். பெண்களுக்குச் சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கவேண்டிய நிலை வராமல் தாம்பாளத்தைத் தரையில் வையுங்கள்.

அன்பிய_வழிகாட்டி எழுதியது:
அருமை. அடக்கச் சடங்கையும் சேர்க்கலாமா? எரிப்பது பற்றி நிச்சயம் கேட்பார்கள்.

சக்ரீஸ்து எழுதியது:
சேருங்கள், சுருக்கமாக. பொதுநிலையினர் என்றால் பாதம் பீடத்தை நோக்கி, குரு என்றால் தலை பீடத்தை நோக்கி வைப்பது வழக்கம். உயிரோடு இருந்தபோது எந்தப் பக்கம் பார்த்து நின்றார்களோ அதே திசை. தண்ணீர் தெளிப்பது ஞானஸ்நானத்தின் நினைவு. தூபம் காட்டுவது அந்த உடல் தூய ஆவியின் ஆலயமாக இருந்தது என்பதால், நற்செய்தி நூலுக்கும் பீடத்துக்கும் காட்டும் அதே தூபம். மாலைக் குவியலில் பெட்டியே தெரியாமல் போவதைத் தவிர்க்க, வாசலிலேயே மாலைகளை வாங்கி வைக்க இரண்டு இளைஞரை நிறுத்துங்கள்.

எரிப்பதற்கு 1963-இலேயே கத்தோலிக்கருக்கு அனுமதி வந்துவிட்டது, உயிர்ப்பை மறுக்கும் நோக்கம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். 2016-இல் வந்த அறிவுறுத்தல் சாம்பலைக் கடலில் கரைக்காதே, லாக்கெட்டில் போட்டுப் பங்குபோடாதே, வீட்டு ஷோகேஸில் வைக்காதே, புனித இடத்தில் வை என்கிறது. காரணம் அழகானது: வீட்டுக்குள் வைத்தால் இறந்தவர் அந்தக் குடும்பத்துக்கு மட்டும் சொந்தமாகிவிடுவார், சபை அவருக்காக வேண்டும் இடத்தில்தான் அவர் இருக்கணும்.

அன்பிய_வழிகாட்டி எழுதியது:
அப்படியானால் காலை: உபதேசியார் சொன்ன வரிசையில் 11, 12 வாசிப்பு, பிறகு அந்தந்த அன்பியத்தில் படுக்கையில் இருப்பவர்கள் பெயர்ப்பட்டியல். மதியம்: எண்ணெய்க் குப்பிகளை முகரக் கொடுத்து விளக்கம், கோயில்பிள்ளை சொன்ன கைச்சேர்ப்பு. காலிக் குப்பி, மந்திரிக்காத எண்ணெய் வைத்துக்கொள்ளலாம்தானே?

சக்ரீஸ்து எழுதியது:
அதையேதான் செய்யணும், மந்திரித்ததை வகுப்புக்கு எடுத்துப் போகாதீர்கள். 50 மி.லி. ஆலிவ் எண்ணெயில் சந்தனத் தைலம் நாலைந்து சொட்டு கலந்தால் கிறிஸ்மாவின் வாசனைக்கு ஓரளவு கிட்ட வரும். மெடிக்கல் ஷாப்பில் சின்ன பாட்டிலில் விற்கும் ஆலிவ் எண்ணெய் போதும். முகர்ந்த பிறகு விரலைச் சேலையிலும் வேட்டியிலும் துடைப்பார்கள், ஒரு பழைய துண்டு வைத்துவிடுங்கள்.